சொந்தப் பாட்டை முதலில் யாருக்குப் பாடிக் காட்டினீர்கள்?

செங்கோட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அக்கா மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது தன்னுடைய கான்செர்ட் அளவு யுகுலேலேயை, கிட்டார் மாதிரி இருக்கிற சின்ன நாலு கம்பி வாத்தியத்தை, என்னிடம் விட்டுப் போனான். வீடியோ பார்த்துத்தான் பழகினேன். சி, ஏ மைனர், எஃப், ஜி7 என்ற நான்கு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) இப்போது தாளம் தப்பாமல் மாற்ற வருகிறது. அந்த நான்கை வைத்துக்கொண்டே ஒரு பாட்டு செய்திருக்கிறேன். சொல்லும் என்னுடையது, மெட்டும் என்னுடையது.

பாட்டு எங்கள் அப்பாவைப் பற்றியது. அவர் ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தைப் பார்த்துப் பராமரிக்கிற வேலை. செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் தாண்டி, மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு, தென்மலை என்று புனலூருக்கு இறங்கும் பாதை அவருடைய பாதை. 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் அது. 2010-ல் அகலப் பாதை வேலைக்காக மூடினார்கள், 2018-ல் திறந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். இன்றைக்கு அந்தப் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க ஊர் ஊராக வந்து படம் பிடிக்கிறார்கள். அடை மழையில் ராத்திரி கையில் விளக்கோடு, மண் சரிந்திருக்கிறதா, பாறை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. எனக்கு அதைச் சொல்ல வேண்டும்.

பல்லவி இது:

விளக்கெடுத்துப் போனவரே, வெளிச்சம் எங்கே வந்திருக்கு?
மழை நனைஞ்ச தண்டவாளம் மலையைச் சுத்திப் படுத்திருக்கு

முதல் சரணம்:

சுத்தியலைத் தட்டித் தட்டி இரும்புகூடப் பேசினீங்க
கட்டை ஒண்ணு அசைஞ்சாலும் கண் அசராமப் பார்த்தீங்க
குகையைத் தாண்டி வண்டி வந்தா கூவுற சத்தம் கேட்டிருக்கும்
பெட்டிக்குள்ள தூங்குன சனம் உங்க பேரக் கேட்டிருக்கா?

இன்னும் மூன்று சரணங்கள் உண்டு. பாட்டின் ஒலிப்பதிவைக் கீழே இணைத்திருக்கிறேன். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

இரண்டு இடத்தில் முட்டுகிறது. மூன்றாவது அடியில் “கூவுற” என்ற சொல் வரும்போது கையில் ஜி7 இருக்கிறது, குரலோடு அது ஒட்டவில்லை. குரல் போகிற இடம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அதை மாற்ற மனமில்லை. அடுத்தது, கடைசி அடி மேலே ஏறும்போது தொண்டை இழுக்கிறது.

இவற்றைவிட எனக்குப் பெரியது வேறொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் “ஒரு பாட்டு வாசியேன்” என்கிறார்கள். சினிமாப் பாட்டு வாசித்தால் கூடவே பாடுகிறார்கள், வீடே கலகலப்பாகிவிடுகிறது. “இது நானே போட்ட மெட்டு” என்று ஆரம்பித்தால் இரண்டாவது அடிக்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. முன்பின் கேட்டிராத பாட்டுக்கு எப்படிக் காது கொடுப்பது என்று நமக்கு யாரும் பழக்கவில்லை. அப்பாவுக்கும் இன்னும் பாடிக் காட்டவில்லை. காது கொஞ்சம் மந்தம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் கேட்கும்.

நீங்கள் சொந்தமாகச் செய்த பாட்டை முதலில் யாரிடம் பாடினீர்கள்? அவர்கள் என்ன சொன்னது உங்களுக்கு உதவியது?

---

மன்னார்குடி வயலின் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதலில் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். “மலையைச் சுத்திப் படுத்திருக்கு” என்ற இடத்தில் மெட்டு மெதுவாக இறங்கி ஆதார ஸட்ஜத்தில் போய்ச் சேர்கிறதே, அங்கே எனக்குத் தண்டவாளமே தெரிந்தது. அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஒட்டவில்லை என்று நீங்கள் சொன்ன இடத்தில் உங்கள் காது சரியாக இருக்கிறது. உங்கள் பாட்டு முக்கால்வாசி மோகன ராகத்தில் நடக்கிறது. அது யுகுலேலேக்காரர்களுக்குத் தானாக அமைவது. நாலு கம்பியையும் எங்கும் அழுத்தாமல் மீட்டிப் பாருங்கள்: ஜி, சி, இ, ஏ. சி-யை ஸட்ஜமாக வைத்தால் அவை ப, ஸ, க, த. ரிஷபம் ஒன்றைச் சேர்த்தால் மோகனம் முழுதாக வந்துவிடும், அதுவும் சி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் இருக்கிற இரண்டாவது கட்டத்தில், காத்திருக்கிறது. இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்கள் சும்மா முனகினாலே மோகனம் வருவது இதனால்தான்.

“கூவுற” என்னும்போது மட்டும் நீங்கள் மோகனத்தை விட்டு வெளியே போய், கைசிகி நிஷாதத்தை, இரண்டு ‘நி’களில் கீழே இருப்பதை, தொடுகிறீர்கள். ரயில் கூவுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஸ்வரம் கிடையாது. உங்கள் பக்கம் காவடிச்சிந்தைச் செஞ்சுருட்டி ராகத்தில் பாடுவதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள், அதிலும் இந்த நிஷாதம்தான். அது எங்கிருந்து உங்கள் தொண்டைக்கு வந்தது என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஜி7 கார்டுக்குள் இருப்பது காகலி நிஷாதம், மேலே இருக்கிற ‘நி’. ஏ கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் உங்கள் விரல் அதைத்தான் அழுத்துகிறது. குரல் பாடுவதோ அதே கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிற ஸ்வரம். அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் மோதிக்கொள்கின்றன, உங்களை உறுத்தியது அதுதான்.

மெட்டை மாற்ற வேண்டாம், கார்டை மாற்றுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஜி7-ஐ எடுத்துவிட்டு ஜி மைனர் போடுங்கள்: 0231 (ஜி, சி, இ, ஏ கம்பிகளில் வரிசையாக அழுத்த வேண்டிய ஃப்ரெட், 0 என்றால் அழுத்த வேண்டாம்). அங்கிருந்து எஃப் போய், பிறகு சி-க்கு வந்து சேருங்கள். ஜி மைனர் கைக்கு வரும்வரை சி7 போட்டாலும் சரி. ஏ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஒரே விரல், அவ்வளவுதான்.

தொண்டை இழுப்பதற்கும் வழி இருக்கிறது. சி என்பது சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. பெண் குரலுக்கு அதில் மேல் ஸட்ஜம் வெகு உயரம். கச்சேரி செய்கிற பெண்களில் பலர் ஐந்து கட்டையை ஒட்டித்தான் பாடுகிறார்கள், ஐந்து என்பது ஜி. ஆகவே பாட்டை அப்படியே ஜி-க்கு இறக்குங்கள். சி இருந்த இடத்தில் ஜி 0232, ஏ மைனருக்குப் பதில் இ மைனர் 0432, எஃப்-க்குப் பதில் சி 0003, ஜி7-க்குப் பதில் டி7 2223. “கூவுற” வரும்போது டி7 வேண்டாம், டி மைனர் 2210 போடுங்கள். ஜி-யிலிருந்து இ மைனருக்குப் போகும்போது மோதிர விரலைப் பாருங்கள், ஆரம்பத்தில் அதுதான் பிந்தும்.

ஒரே ஒரு தொந்தரவு வரும். உங்கள் வாத்தியத்தில் ஜி கம்பி மேல் ஸ்தாயியில் கட்டியிருக்கிறது. அதனால் மிகவும் கீழான ஸ்வரம் சி கம்பியிலேயே நின்றுவிடும். இடையிசையில் மெட்டைத் தனியாக மீட்ட நினைத்தால் உங்கள் குரல் இருக்கிற ஸ்தாயியில் கிடைக்காது, ஒரு ஸ்தாயி மேலே மீட்ட வேண்டும். கேட்க அதுவும் அழகாகத்தான் இருக்கும். குரல் கீழே, கம்பி மேலே. இந்த வாத்தியத்தில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால், நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரங்களைக் குரலிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நான் செய்த முதல் மெட்டை என் மாணவர்களிடம்தான் வாசித்தேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு மரியாதைக்குப் பாராட்டத் தெரியாது. ஒரு பெண் “அந்த நடுவில வர்றதை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க சார்” என்றாள். நடுவில் வந்ததை வைத்தே பாட்டைத் திரும்பக் கட்டினேன்.

---

ஸ்காபரோ மாலா எழுதியது:

அக்கா, வணக்கம். கனடாவில் இருந்து எழுதுகிறேன். “பெட்டிக்குள்ள தூங்குன சனம் உங்க பேரக் கேட்டிருக்கா?” என்ற அடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னுடைய தாத்தா ரயிலோடு சம்பந்தப்பட்டவர் இல்லை, ஆனாலும் வந்தது.

இங்கே யுகுலேலே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாத்தியம். 1960-களில் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் ஜே. சால்மர்ஸ் டோன் என்ற இசை ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் இதைக் கையில் கொடுத்துப் பாட வைத்தார். அங்கிருந்து கனடா முழுக்கப் பரவியது. அந்த வழியில் படித்தவர்கள் உங்களை விட ஒரு முழு ஸ்வரம் கூட்டி, ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்று சுருதி வைப்பார்கள். என் மகள் அப்படிப் பழகியவள். அவளைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன்.

எங்கட ஆட்கள் சில குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். தேத்தண்ணி, வடை, பிறகு வாத்தியங்கள். ஆரம்பத்தில் யார் என்ன வாசித்தாலும் “நல்லா இருக்கு” என்போம், கை தட்டுவோம், அடுத்த ஆளிடம் போவோம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி வந்து பாடினார். எல்லோரும் நல்லது என்றோம். அதற்குப் பிறகு அவர் சொந்தப் பாட்டுக் கொண்டு வரவே இல்லை, பழைய சினிமாப் பாட்டுத்தான். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவரிடம், “அண்ணை, துலாவில் தண்ணி அள்ளேக்குள்ள ஒரு சத்தம் வருமே, அது உங்கள் பாட்டில் எங்கே?” என்று கேட்டேன். உடனே முகம் மாறிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சத்தத்தோடு ஒரு புதுச் சரணம் வந்தது. சி கம்பியில் விரலை மேலிருந்து கீழே இழுத்து அந்தக் கிறீச்சை வாசித்தார். இப்போது அவர் பாட்டு இல்லாமல் எங்கள் கூட்டம் முடிவதில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. யாராவது சொந்தப் பாட்டைப் பாடி முடித்தால், கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு மனதில் நின்ற ஒரு அடியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாடத் தெரிந்தால் பாடியே காட்டலாம். அதற்குப் பிறகுதான் வேறு கதை. தான் செய்த அடியை இன்னொருவர் வாயால் கேட்கும்போது அந்த ஆள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும், அக்கா! ஒரே அடியை மூன்று பேர் சொன்னால் அந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று பாடினவருக்கே விளங்கும். குறை சொல்ல வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. யாரும் திருப்பிச் சொல்லாத சரணத்தை அவர்களே பேசாமல் எடுத்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கவனிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாட ஆரம்பிக்க முதல், “முடிஞ்ச உடனே எந்த வரி ஞாபகம் இருக்கு என்று கேட்பன்” என்று சொல்லிப் பாருங்கள். ஆட்கள் வடிவாகக் கேட்பார்கள்.

முதலில் அப்பாவிடம் பாடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பாதையை நடந்தவர் அவர். உங்கள் பாட்டில் எங்கே உயிர் இருக்கிறது என்று அவரை விட யாருக்குத் தெரியும்?

---

கோவை லேத் பட்டறை எழுதியது:

மாலா அக்கா சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. யாரைப் பற்றிப் பாடுகிறோமோ அவரிடம் முதலில் போனால், அவர் சந்தோஷப்படுவதையோ கண்கலங்குவதையோ பார்த்ததும் நாம் பாட்டை அப்படியே நிறுத்திவிடுவோம். அதற்குமேல் ஒரு வரியைத் திருத்தக்கூட மனசு வராது. முதலில் நீங்களே கேளுங்கள். பதிவு செய்து, ஒரு வாரம் தொடாமல் வைத்து, அப்புறம் கேளுங்கள். வேறு யாரோ பாடியது மாதிரி கேட்கும், அப்போது தெரிய வேண்டியது தெரியும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதிவு செய்ய மைக் எதுவும் வாங்க வேண்டாம், போன் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வெறும் சுவர் இருக்கிற அறை வேண்டாம், எதிரொலிக்கும். மெத்தை, துணி எல்லாம் இருக்கிற படுக்கையறையில், துணி பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். போனை வாத்தியத்தின் வட்ட ஓட்டைக்கு நேராக வைத்தால் ‘பொம்பொம்’ என்று கேட்கும். கழுத்தும் உடலும் சேருகிற இடத்தைப் பார்த்த மாதிரி, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், வாய்க்கும் வாத்தியத்துக்கும் நடு உயரத்தில் வையுங்கள். குரல் மேலே வந்து கம்பி அமுங்கினால் போனை ஒரு சாண் கீழே இறக்கினால் போதும்.

உங்கள் ஊரில் சாரல் காலத்தில் காற்றில் ஈரம் அதிகம். சுருதி மாறிக்கொண்டே இருந்தால் வாத்தியத்தைக் குறை சொல்லாதீர்கள். பதிவுக்கு அரை மணி முன்னாலேயே உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அறைக்காற்றுக்குப் பழகட்டும், அப்புறம் சுருதி சேருங்கள். புதுக் கம்பி மாட்டியிருந்தால் சில நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், நைலான் வகைக் கம்பிக்கு அது இயல்பு. முதல் ஃப்ரெட்டில் விரலை அளவுக்கு மேல் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். உங்கள் பதிவில் எஃப் வரும்போதெல்லாம் லேசாக அது கேட்கிறது. பிடியைத் தளர்த்துங்கள்.

இப்போது எனக்கு ஆசையான விஷயம். பாட்டு முழுக்கக் கம்பிகள் மேல் கையை ஒரே மாதிரி மேலும் கீழும் வீசுகிறீர்கள். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில் அந்த மீட்டர் கேஜ் வண்டியை ஓட விடுங்கள்! பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தைச் சக்கரங்கள் தாண்டும்போது ‘தடக் தடக்’ என்று ஜோடியாக வரும். ஒரு தட்டுக்கு நாலு எண்ணுங்கள், த க தி மி. கை எப்போதும் கீழே மேலே கீழே மேலே போய்க்கொண்டிருக்கட்டும். த, க இரண்டிலும் இடக்கை விரல்களைக் கம்பி மேல் சும்மா படிய விட்டு, நாதம் வராமல் வீசுங்கள், வெறும் தட்டுச் சத்தம் வரும். தி-யில் கார்டை அழுத்தித் திறந்து வீசுங்கள். மி-யில் கை மேலே போகும், கம்பியைத் தொடாது. முதலில் மெதுவாக, வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற வேகத்தில் பழகுங்கள். பாடும்போது இதை வாசிக்க வேண்டாம், சொல் அமுங்கிவிடும். சொல்லுக்குக் கீழே ஒரு தட்டுக்கு ஒரு வீச்சுப் போதும்.

இன்னொன்று. கேங்மேன் பாட்டுக்கு யுகுலேலே பொருந்துமா என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதீரா தீவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த போர்த்துகீசியக் கூலிக் குடும்பங்கள். தங்கள் ஊர்ச் சின்ன நாலு கம்பி வாத்தியத்தைக் கூடவே கொண்டு வந்தார்கள். அந்தக் கப்பலில் வந்த மூன்று மரவேலைக்காரர்கள், மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, ஹொனலுலுவில் கடை போட்டு, ஹவாயி மரத்தில் செய்ய ஆரம்பித்ததுதான் நம் கையில் இருக்கிற வாத்தியம். பிறகு ராஜா கலாகௌவா அரண்மனைக்குள் கொண்டு போனார், அது வேறு கதை. உழைப்பாளிகளின் மூட்டையில் வந்த வாத்தியம் இது. உங்கள் அப்பா பாட்டு இதில் சொந்த வீட்டில் இருக்கிறது.

நான்காவது சரணத்தை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். பாலத்தை வர்ணிக்கிறது, அப்பா அதில் இல்லை.

---

திருப்பூர் மாடிவீடு எழுதியது:

அக்கா, நான் கல்லூரி இரண்டாம் வருடம். எனக்கு ஏ மைனரும் எஃப்-உம் மட்டும்தான் ஒழுங்காக வருகிறது. ஏ மைனரில் இருந்து ஒரு விரலைச் சேர்த்தால் எஃப் என்பதால் அது இரண்டையும் வைத்தே ஒரு பாட்டு ஆரம்பித்தேன். அம்மா பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தைப் பற்றியது. இரண்டு அடியோடு நிற்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. உங்கள் பாட்டைப் படித்ததும் போட வேண்டும் என்று தோன்றியது.

ஒம்போது மணி பஸ்ஸு போச்சு, அம்மா செருப்புச் சத்தம் காணோம்
சோத்து மேல தட்ட மூடி நான் மட்டும் முழிச்சிருக்கேன்

அந்த தடக் தடக் வீச்சை இன்றைக்கே பழக ஆரம்பித்துவிட்டேன். கோவை அண்ணாவுக்கு நன்றி.

---

செங்கோட்டைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

மன்னார்குடி ஐயா, பாட்டு இப்போது ஜி-யில் இருக்கிறது. கடைசி அடி தொண்டையில் எங்கேயும் இடிக்கவில்லை. “கூவுற” என்னும்போது டி மைனர் விழுந்த முதல் தடவை நான் பாட்டையே நிறுத்திவிட்டேன், அவ்வளவு சரியாக இருந்தது. அந்த ஒரு கார்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ராகம் பெயரெல்லாம் தெரியாது. என் காதை நீங்கள் நம்பியதற்குத்தான் பெரிய நன்றி. எங்கள் ஊர்க் கோயிலில் காவடி எடுக்கும்போது சிந்து பாடுவார்கள், பாட்டி இடுப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

கோவை அண்ணாச்சி, பீரோவைத் திறந்து வைத்து எடுத்த பதிவு கீழே இருக்கிறது. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். வண்டி ஓடுகிற வீச்சு சரணத்துக்கு நடுவில் வருகிறது, இன்னும் வேகம் கூட்ட வரவில்லை. நான்காவது சரணத்தை எடுத்துவிட்டேன். அதற்கு வேறொரு காரணமும் கிடைத்தது, அதைச் சொல்கிறேன்.

மாலா, அப்பாவிடம் பாடினேன். உங்கள் பழக்கப்படி, முடிந்ததும் எந்த வரி ஞாபகம் இருக்கிறது என்று கேட்பேன் என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் பாடினேன். முழுக்கக் கேட்டார். முடிந்ததும் வரி எதையும் சொல்லவில்லை. “கூட வந்த ஆள் எங்கம்மா?” என்று கேட்டார். அது யானைக் காடு, மழைக்கால ரோந்துக்கு ஒற்றையில் அனுப்ப மாட்டார்களாம், எப்போதும் இரண்டு பேர்தானாம். ஒருவர் முன்னால் பார்த்துப் போனால் மற்றவர் பின்னால். யானைக்குத் தெரியட்டும் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்களாம். அந்த இன்னொருவரைப் பற்றி அன்று ராத்திரி வெகுநேரம் பேசினார். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் அதுவரை கேட்டிராத கதைகள். அவர் ஆரியங்காவுக்காரர், மலையாளத்தில் பேசுவார், அப்பா தமிழில் பதில் சொல்வார். பாடவும் செய்வாராம்.

அதனால் பாலத்தை வர்ணித்த சரணம் போய், அந்த இடத்துக்கு இது வந்திருக்கிறது:

முன்னால ஒரு வெளக்கு, பின்னால ஒரு வெளக்கு
ஆனை கேட்டு விலகணும்னு ஆளுக்கொரு கதை இருக்கு
அவரு பாட நீங்க கேட்க, நீங்க சொல்ல அவரு சிரிக்க
மண்ணு சரியும் ராத்திரியில ரெண்டு குரல் நடந்திருக்கு

பல்லவியிலும் “போனவரே” என்பதை “போனவங்க” என்று மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு விதமாகவும் பதிவில் பாடியிருக்கிறேன்.

திருப்பூர் தம்பி, உன் இரண்டு அடியை எங்கள் அலுவலகத்தில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தபோதுகூட முனகிக்கொண்டிருந்தேன். “சோத்து மேல தட்ட மூடி” என்பதுதான் எனக்கு நின்றது. காத்திருக்கிறேன் என்று சொல்லாமலே அந்தத் தட்டு சொல்லிவிடுகிறது. “காணோம்” என்ற இடத்தில் எஃப்-க்குப் போகாமல் ஏ மைனரிலேயே இருந்து பார், “தட்ட மூடி”யில் எஃப் வரட்டும். இரண்டு கார்டு இந்தப் பாட்டுக்குத் தாராளம், மூன்றாவதைத் தேடிப் போகாதே. அம்மா வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன கேட்பார்? நீ சாப்பிட்டாயா என்றா, கதவை ஏன் திறந்து வைத்திருக்கிறாய் என்றா? அவர் சொல்கிற மாதிரியே, அவர் வார்த்தையிலேயே மூன்றாவது அடியை எழுதி இங்கே போடு.